திருப்பிப் போட்டாலும் குல்லாய்தான்!

மார்கழி பிறந்ததும் நம் வீடுகளில் பரணிலிருந்து இறங்கி வருகிற முதல் சாமான் கோலப் பொடி டப்பா. இரண்டாவது, தாத்தாவின் குரங்குக் குல்லாய். அது யார் வாங்கியது, எந்த வருஷம் வாங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டியிடம் கேட்டால், "நான் கலியாணமாகி வந்தபோதே இருந்தது" என்பார். நிறம் இன்னதென்று சொல்ல முடியாது. ஒரு காதை மூடினால் மறு காது திறந்து கொள்ளும். ஆனாலும் விடியற்காலை பஜனைக்குக் கிளம்புகிறவர் அதைத்தான் மாட்டிக் கொள்வார்.

அந்தக் குல்லாய்க்கு ஓய்வு கொடுக்க நல்ல சந்தர்ப்பம் வந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் கடிதத்தை மட்டும் தருகிறேன்:

"எங்கள் ஊரும் ஆரோவில்லும் அடுத்தடுத்து. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். அவர்களுக்கு நான் குரோஷாவில் குல்லாய் பின்னிக் கொடுக்கிறேன். போன வருஷம் பன்னிரண்டு பின்னினேன். நாலு திரும்பி வந்தது. இரண்டு இறுக்கம், இரண்டு தொளதொள. பிரித்துப் பின்னியதில் கிடைத்த காசு போன இடம் தெரியவில்லை. இந்த வருஷம் ஒருவர் உள்ளும் புறமும் திருப்பிப் போட்டுக் கொள்ளும் மாதிரி ஆறு கேட்கிறார். என் மாமியார், 'கொல்லை வேலைக்கு வந்தால் சாயங்காலமே கூலி கையில். இந்த ஊசியால் என்ன கண்டாய்?' என்கிறார். நான் இதை விட்டு விடட்டுமா?"

விட வேண்டாம், சகோதரி. ஆனால் உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நூலை எடுக்கக் கூடாது. முதலில் குல்லாயைப் பார்ப்போம். பிறகு கணக்கைப் பார்ப்போம்.

எந்த நூல்?

குயிலாப்பாளையத்து மார்கழி பனி கொட்டுமே தவிர, உடம்பை விறைக்க வைக்காது. உங்களிடம் வாங்குகிறவர்கள் அந்தக் குல்லாயை ஜெர்மனியிலோ பிரான்சிலோ பனியில் நின்று கொண்டு போடப் போகிறவர்கள். நம் வாசகியரில் பலர் பின்னப் போவதும் ஊட்டிக்கோ பத்ரிநாத் யாத்திரைக்கோ கிளம்புகிறவர்களுக்காகத்தான். ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். ஆகவே, எங்கே போடப் போகிறார்கள் என்று கேட்டுக் கொண்டு நூலை வாங்குங்கள்.

அசல் கம்பளி நூல் சூட்டைக் காக்கும். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கு வரும். ஆனால் சிலருக்கு நெற்றியில் அரிக்கும். வெந்நீரில் துவைத்தால் சுருங்கிப் பொம்மைக் குல்லாய் ஆகிவிடும். கடைகளில் 'உல்லன்' என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை மலிவு, பூச்சி அரிக்காது, துவைப்பது சுலபம். பருத்தி நூல் நம் ஊருக்குச் சுகம். ஆனால் நீண்டால் நீண்டதுதான், திரும்பி வராது. இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். அளவு போடும்போது வேண்டியிருக்கும்.

நடுத்தரப் பருமனுள்ள நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் போதும். பழைய ஆங்கிலக் கணக்கில் இது 6-ஆம் எண் ஊசி. அந்தக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அம்மா காலத்து ஊசிப் பெட்டியை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பெரியவர் குல்லாய்க்கு ஏறக்குறைய 100 கிராம் நூல் பிடிக்கும்.

பெயரில் ஒரு பொறி

பின்னல் படம் பார்த்துப் பின்னுகிறவர்களை ஏமாற்றுவது பெயர்தான். நம் பழைய புத்தகங்களில் இருப்பது இங்கிலாந்துப் பெயர். இப்போது செல்பேசியில் வருகிற மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் பெயரில் இருக்கின்றன. அமெரிக்கர் 'சிங்கிள்' என்பதை ஆங்கிலேயர் 'டபிள்' என்பார்கள். அமெரிக்கரின் 'டபிள்' இவர்களுக்கு 'டிரெபிள்'. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக் கொண்டால் குல்லாயின் உயரம் எங்கேயோ போய்விடும். மாதிரியில் 'சிங்கிள்' என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு என்று தெரிந்து கொள்ளலாம். நான் இங்கே எழுதுவது இங்கிலாந்துக் கணக்கு.

தலையை அளக்கும் விதம்

நாலு குல்லாய் திரும்பி வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கை வேலையாக இராது, அளவாகத்தான் இருக்கும். வயதைக் கேட்டுக் குல்லாய் பின்னக் கூடாது. தலையைக் கேட்டுப் பின்ன வேண்டும்.

அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டு போய், பின் மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி வாருங்கள். நாடா தலையைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. எதிரே இல்லாதவருக்கு என்றால், ஒரு நூலால் தலையைச் சுற்றி வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டார் சென்டிமீட்டரில் சொல்வார்கள், 2.54-ஆல் வகுத்தால் அங்குலம். 56 சென்டிமீட்டர் என்றால் 22 அங்குலத் தலை.

தலை எட்டாத இடத்தில் இருந்தால் உத்தேசமாக இந்த அளவுகள் உதவும்:

பிறந்த குழந்தை: சுற்றளவு 14 அங்குலம், குல்லாயின் உயரம் 5½
ஒரு வயது: சுற்றளவு 18, உயரம் 6½ முதல் 7
ஐந்து வயது: சுற்றளவு 20, உயரம் 7½
பெண்கள்: சுற்றளவு 22, உயரம் 8½
ஆண்கள்: சுற்றளவு 23, உயரம் 9

கீழ் விளிம்பை மடித்துப் போடுவதானால் உயரத்தோடு 2 அல்லது 2½ அங்குலம் கூட்டிக் கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். 22 அங்குலத் தலைக்கு 22 அங்குலக் குல்லாய் பின்னினால் அது காற்றடித்தால் பறந்துவிடும். குல்லாய் தலையைவிடச் சிறியதாக இருந்து, நீண்டு கொடுத்து, தலையைப் பிடித்துக் கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குக் கம்பளியிலும் அக்ரிலிக்கிலும் தலைச் சுற்றளவில் 2 அங்குலம் குறைத்துக் கொள்ளுங்கள். பருத்தியானால் 1 அங்குலம் போதும். குழந்தைகளுக்கு எந்த நூலானாலும் 1 அங்குலத்துக்கு மேல் குறைக்க வேண்டாம்.

மாதிரித் துண்டு

"இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?" என்று கேட்பீர்கள். நாலு குல்லாயைப் பிரிக்க நேரம் இருந்ததே! மாதிரித் துண்டுக்கு அரை மணி போதும்.

குல்லாய்க்கு உபயோகிக்கப் போகிற அதே நூல், அதே ஊசி, அதே பின்னலில் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று பின்னுங்கள். நனைத்து, நிழலில் காயப் போடுங்கள். காய்ந்த பிறகு இழுக்காமல் மேஜை மீது பரப்பி, நடுவில் 4 அங்குலத்துக்கு எத்தனை கண், எத்தனை வரிசை என்று எண்ணுங்கள்.

உதாரணத்துக்கு, 4 அங்குலத்தில் 14 கண்ணும் 10 வரிசையும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அப்படியானால் அங்குலத்துக்கு 3½ கண், 2½ வரிசை. உங்கள் கைக்கு வேறு எண்ணிக்கை வரலாம். சிலர் இறுக்கிப் பின்னுவார்கள், சிலர் தளரப் பின்னுவார்கள். இரண்டும் தப்பில்லை, தெரிந்து கொள்ளாமல் இருப்பதுதான் தப்பு.

பின்னும் முறை

சாதாரணமாகக் குல்லாயை உச்சியில் ஆரம்பித்து வட்டமாகப் பின்னுவோம். அதில் முன்புறம் அழகாக இருக்கும். உள்புறம் உள்புறமாகத்தான் இருக்கும். இருபுறமும் ஒரே மாதிரி வேண்டுமானால் பாய் பின்னுவது போல் நீள் சதுரமாகப் பின்னி, சுருட்டி இணைக்க வேண்டும். இதில் வரிசையின் நீளம் குல்லாயின் உயரம். வரிசைகளின் எண்ணிக்கை குல்லாயின் சுற்றளவு. அளவைக் கூட்டவும் குறைக்கவும் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

22 அங்குலத் தலைக்கு, மடிப்போடு பார்ப்போம். உயரம் 8½-உடன் மடிப்பு 2½ சேர்த்து 11 அங்குலம். 11-ஐ 3½-ஆல் பெருக்கினால் 38½. 38 கண் என்று வைத்துக் கொள்ளுங்கள். சுற்றளவு 22-இல் 2 போக 20 அங்குலம். 20-ஐ 2½-ஆல் பெருக்கினால் 50 வரிசை. வரிசை எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரட்டும். அப்போதுதான் இணைக்கிற இடத்தில் வரப்புகள் ஒழுங்காகச் சேரும்.

செயின் 40 போடுங்கள். ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அரை டிரெபிள். அதாவது நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணில் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பு. முதல் வரிசையில் 38 கண் இருக்க வேண்டும்.

இரண்டு செயின் போட்டுத் திருப்புங்கள். இந்தச் செயினைக் கண்ணாக எண்ண வேண்டாம். இனி எல்லா வரிசைகளிலும் கண்ணின் தலையில் தெரிகிற இரண்டு இழைகளில் பின்னால் இருக்கும் இழையில் மட்டும் ஊசியை நுழையுங்கள். இந்தச் சின்ன மாற்றம்தான் ரகசியம். விட்டுப் போன முன் இழை வரப்பாக எழும்பும். திருப்பித் திருப்பிப் பின்னுவதால் இரண்டு பக்கமும் ஒன்று விட்டு ஒன்று வரப்பு விழும். எது உள், எது வெளி என்று பின்னினவருக்கே தெரியாது! இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு என்பதால் எண்ணுவதும் சுலபம்: 25 வரப்பு ஆனால் 50 வரிசை.

இரண்டு ஜாக்கிரதைகள். வரிசைக் கடைசிக் கண்ணை விட்டுவிடுவது எல்லாரும் செய்கிற காரியம். விட்டால் துண்டு முக்கோணமாகச் சரியும். ஐந்து வரிசைக்கு ஒரு முறை 38 இருக்கிறதா என்று எண்ணுங்கள். அடுத்தது, உச்சியாக வரப்போகிற ஓரத்தில் ஓர் ஊக்கைக் குத்தி வையுங்கள். அந்த ஓரத்து ஆறு கண்களை மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் அரை டிரெபிளுக்குப் பதில் குட்டையான டபிள் குரோஷாவாகப் பின்னுங்கள். அந்தப் பக்கம் சற்றுக் குறுகும். உச்சியைச் சுருக்கும்போது மூட்டை கட்டினாற்போல் புடைக்காது.

50 வரிசை முடிந்ததும் ஒரு முழ நூல் விட்டு வெட்டுங்கள். மழுங்கின பெரிய ஊசியில் கோத்து, முதல் ஓரத்திலிருந்து ஓர் இழை, கடைசி ஓரத்திலிருந்து ஓர் இழை என்று எடுத்துத் தளரத் தையுங்கள். இறுக்கினால் அந்த இடம் மட்டும் நீளாது. பிறகு உச்சி ஓரத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஊசியை ஓட்டி, சுருக்குப் பை போல் இழுங்கள். இரண்டாம் சுற்றும் ஓட்டி முடிச்சுப் போடுங்கள். நூல் நுனியை வரப்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைத்துவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியாது.

இரண்டு நிறம் வேண்டுமானால்

உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று கேட்பார்கள். அதற்கு இரட்டைக் குல்லாய். உச்சியில் 8 அரை டிரெபிளில் ஆரம்பித்துச் சுற்றுக்கு எட்டெட்டாகக் கூட்டினால், ஒன்பதாம் சுற்றில் 72 கண். அங்குலத்துக்கு 3½ கண் என்றால் இது இருபதரை அங்குலம். பிறகு கூட்டாமல் நேராக ஒரு குல்லாய் உயரத்துக்கு வந்து, நிறத்தை மாற்றி, அதே அளவு இன்னொரு குல்லாய் உயரம் நேராகப் பின்னி, கூட்டின கணக்கிலேயே எட்டெட்டாகக் குறைத்து மூடுங்கள். இரண்டு பக்கமும் மூடின ஒரு பை கிடைக்கும். ஒரு பாதியை மறு பாதிக்குள் தள்ளினால் இரண்டு நிறக் குல்லாய். சூடு அதிகம், நூலும் இரட்டிப்பு, நேரமும் இரட்டிப்பு. விலையும் இரட்டிப்பாக வேண்டும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். வட்டப் பின்னலுக்கு மாதிரித் துண்டு தனியாகப் போட வேண்டும்.

இருபுறமும் ஒன்றாக இருப்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூ வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் போர்வையை எந்தப் பக்கமும் போர்த்திக் கொள்ளலாம். அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெரிதாகி விட்டால்? சிறிதாகி விட்டால்?

பாய் முறையில் பின்னின குல்லாயை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. உச்சிச் சுருக்கையும் பக்கத் தையலையும் மட்டும் பிரித்து, தொளதொள என்றால் இரண்டு வரிசை உருவுங்கள்; இறுக்கமானால் இரண்டு வரிசை சேருங்கள். மேலே சொன்ன கணக்கில் இரண்டு வரிசை ஏறக்குறைய முக்கால் அங்குலம். தையலைப் போடுவதற்கு முன் ஊக்குகளால் இணைத்துத் தலையில் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தச் சிரமமும் இல்லை.

உயரம் அதிகமானால் மடிப்பைப் பெரிதாக்கலாம். குறைவானால் கீழ் விளிம்பில் சுற்றிலும் இரண்டு வரி டபிள் குரோஷா போடலாம். கம்பளிக் குல்லாய் இம்மியளவு இறுக்கமாக இருந்தால், நனைத்துப் பிழிந்து, தலையளவுள்ள பாத்திரத்தின் மேல் கவிழ்த்துக் காய வையுங்கள். கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். அக்ரிலிக் இதற்கு மசியாது. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், பொசுங்கித் தொய்ந்துவிடும். தொய்ந்த பருத்திக் குல்லாய்க்கு மடிப்பின் உள்ளே மெல்லிய எலாஸ்டிக் நூலை ஓட்டினால் போதும்.

கைக்குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெளியில் பனியில் போகும்போது குல்லாய் சரி. வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். குழந்தைக்குச் சூடு ஏறும், மூக்கின் மேல் சரியவும் கூடும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு மட்டும் டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். நாடாவும் குஞ்சமும் குழந்தைக் குல்லாய்க்கு வேண்டவே வேண்டாம்.

மாமியாரின் கேள்வி

இனி கணக்கு. பின்னல் ஊசியால் பெண்கள் குடும்பத்தைக் காப்பாற்றிய கதை உலகத்தில் உண்டு. 1845 முதல் 1849 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, குரோஷா லேஸ் பின்னி விற்ற காசில் அநேகம் வீடுகளில் உலை கொதித்தது. நம் நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக் கொடுத்தார். அது திண்டில் குண்டூசி குத்திச் செய்கிற வேறு வகை லேஸ். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள் என்று பதிவு உண்டு.

மறுபக்கமும் உண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் பேர் போன ஊர். அங்கே பின்னுகிற பெண்களைப் பற்றி ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாள் முழுவதும் பின்னினாலும் அவர்களை 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்' என்றே சொன்னார்கள், பின்னல் பொழுதுபோக்காம்! பொழுதுபோக்குக்கு எதற்குக் கூலி என்று, லாபம் முழுவதும் வியாபாரிகள் கைக்குப் போயிற்று. அந்த லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சரக்குக்குப் பெயர் கிடைப்பது நல்லதுதான். பின்னுகிற கைக்குக் கூலி கிடைப்பது வேறு விஷயம். அதற்கு அவள் தன் நேரத்தை எண்ண வேண்டும்.

ஆகவே, சகோதரி, முதல் குல்லாயைப் பின்னும்போது கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். அடுப்பைக் கவனிக்க எழுந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். நூல் 120 ரூபாய், நேரம் ஐந்து மணி என்று வைத்துக் கொள்வோம். கொல்லை வேலையில் ஒரு நாள் கூலியை வேலை நேரத்தால் வகுத்தால் மணிக் கூலி தெரியும். அது 60 ரூபாய் என்றால் ஐந்து மணிக்கு 300. நூலோடு சேர்த்து 420. இதற்குக் குறைத்து விற்றால் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. இதற்கு மேல் விற்க முடிந்தால், வெயிலில் குனியாமல் அதே கூலி வருகிறது என்று அவரிடம் கணக்கைக் காட்டலாம். கடையில் வைத்து விற்பதானால் கடைக்காரர் பங்கை இதன் மேல்தான் ஏற்ற வேண்டும். இதிலிருந்து கழிக்கக் கூடாது.

அந்த ஆறு குல்லாய்களை எடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஆறு தலைகளின் அளவையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். நூல் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள்; தயங்க வேண்டாம், தையற்காரர் கேட்பதில்லையா? ஒன்றை மட்டும் பின்னிப் போட்டுக் காட்டி, சரி என்ற பிறகு மற்ற ஐந்தையும் தொடங்குங்கள். ஒரே நூலில் ஒரே கணக்குத்தான். தலைக்குத் தலை வரிசை எண்ணிக்கை மட்டும் மாறும். 21 அங்குலத் தலைக்கு 48 வரிசை, 23-க்கு 52 வரிசை.

மாமியாரிடம் கோபித்துக் கொள்ளாதீர்கள். அவர் கேட்டது பணத்தைப் பற்றித்தான். உங்கள் கைத் திறமையைக் குறை சொல்லவில்லை. முதல் மாதிரித் துண்டை அவருக்கே ஒரு குல்லாயாக நீட்டிப் பின்னிக் கொடுத்தால், விடியற்காலை கோலம் போடும்போது காதுக்கு அடக்கமாக இருக்கும். அவர் தலை அளவை நீங்களே கிட்டே நின்று எடுக்கலாம், சீட்டுக்கு அவசியமில்லை.

மற்ற வாசகியர் அளவு கேட்டு எழுதும்போது தலைச் சுற்றளவையும் நூலின் பெயரையும் அவசியம் குறிப்பிடுங்கள். "என் வீட்டுக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு, குல்லாய்க்கு எத்தனை கண்?" என்று மட்டும் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. வயது ஏறுவதால் தலை பெரிதாவதில்லையே!